எட்டு நாற்பது

சேகரக் கமிட்டிச் செயலாளர் அவர்களுக்கு,

ஞாயிறு ஆராதனை ஒரு மணி நாற்பது நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். ஏழு மணிக்குத் தொடங்கினால் எட்டு நாற்பதுக்கு முடிந்துவிட வேண்டும்.

போன வாரம் கோயில் வாசலில் எல்லோருக்கும் ஒரு சுற்றறிக்கை கொடுத்தீர்கள். ஆராதனை எவ்வளவு நேரம் நடக்கலாம், காரணம் என்ன, ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதிப் பெட்டியில் போடவும் என்று கேட்டிருந்தீர்கள். பல வருஷங்களாக நான் எதிர்பார்த்திருந்த கேள்வி இது. யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்டிருப்பதால் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். பதில் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை, மன்னிக்கவும். என் ஆயுளில் நான் எல்லை மீறியது இரண்டே முறைதான். இது இரண்டாவது.

என்னை உங்களுக்குத் தெரியும். ஜீவனஹள்ளி சாந்தப்பன். ஃபேக்டரி டைம் ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். காலைச் சங்கு ஊதி மூன்று நிமிடம் வரை கேட் திறந்திருக்கும். நாலாவது நிமிடம் வந்தவன் என் சொந்தத் தம்பியானாலும் வெளியேதான். ஒரு தடவை ஒரு ஃபிட்டர், பெண்சாதிக்குப் பிரசவ வலி, ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு ஓடி வருகிறேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். பாவமாகத்தான் இருந்தது. கேட்டைத் திறக்கவில்லை. பாவம் பார்ப்பது வேறு, கேட் வேறு.

கோயிலிலும் எனக்கு ஊழியம் உண்டு. மணி அடிப்பது, சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது, பிரசங்கபீடத்தில் ஒரு கூஜா தண்ணீரும் ஒரு டப்பா கற்கண்டும் வைப்பது. ஆராதனை முடிந்ததும் கதவைப் பூட்டுவது. பதினாறு வருஷமாக ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் சொல்லப்போவதற்கு இது வேண்டியிருக்கிறது.

அந்த நாளில் நம் கோயிலில் இரண்டு சபை. காலை ஏழு மணிக்குத் தமிழ். ஒன்பது மணிக்கு இங்கிலீஷ். நடுவில் இருபது நிமிடம்; ஜன்னலைத் திறந்து காற்று வாங்கி, பெஞ்சு துடைத்து, தமிழ்ப் பாட்டுப் புத்தகங்களை எடுத்து இங்கிலீஷ் புத்தகங்களைப் பரப்ப வேண்டும். அதனால்தான் எட்டு நாற்பது. அது நான் கண்டுபிடித்த கணக்கு அல்ல, கோயில் கதவிலேயே ஒட்டியிருந்தது. இங்கிலீஷ் சபைக்கு மூப்பர் ஹெர்பர்ட் துரை. ஃபேக்டரியில் எனக்கு மேலதிகாரியும் அவர்தான். வெள்ளைக்காரர் அல்ல, சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர். ஆனால் நேரத்தில் வெள்ளைக்காரனையும் மிஞ்சியவர். எட்டே முக்காலுக்குத் தங்கை மௌரீனைக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். மௌரீன்தான் அவர்கள் ஆர்கன் வாசிப்பாள். உள்ளே நம் பாஸ்டர் பிரசங்கத்தின் இரண்டாவது குறிப்பில் இருப்பார். ஹெர்பர்ட் துரை வாட்சைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார்.

"சாந்தப்பன், உன் ஜனத்துக்கிட்டே கிளாக் இல்லே மேன். கேலண்டர்தான் இருக்கு," என்றார் ஒரு நாள்.

எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது ஞானாபரணம் ஐயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1949 முதல் 1957 வரை நம் பாஸ்டராக இருந்தவர். கமிட்டியில் இப்போது இருப்பவர்களில் பாதிப் பேருடைய பிள்ளைகளுக்கு அவர்தான் ஞானஸ்நானம் கொடுத்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நல்லவர். குரல் பெரிது, தொப்பை பெரிது, மனசும் பெரிது. ஜட்காக்காரன் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். குறை ஒன்றே ஒன்று. வாயைத் திறந்தால் மூடத் தெரியாது.

பிரசங்கத்தில் மூன்று குறிப்பு. இரண்டாவது முடிந்ததும் டப்பாவைத் திறந்து ஒரு கற்கண்டு வாயில் போடுவார். அங்கேதான் வினை. கற்கண்டு கரையக் கரைய மனுஷனுக்குப் புது ரத்தம் ஊறும். பிறகு "கடைசியாக" என்பார். பெண்கள் குழந்தைகளின் செருப்பைத் தேடுவார்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி "கடைசியாக". நான் நான்கு வருஷம் நோட்டுப் போட்டுக் குறித்து வைத்திருக்கிறேன். ஒரு பிரசங்கத்துக்குச் சராசரி நாலு கடைசி. குருத்தோலை ஞாயிறு ஒன்றில் ஏழு. அன்று ஆராதனை இரண்டு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். கையில் பிடித்திருந்த குருத்தோலை வாடிவிட்டது.

எடுத்த எடுப்பில் நான் எதுவும் செய்துவிடவில்லை என்பதைத் தயவுசெய்து கவனிக்கவும். முறையாகத்தான் போனேன். சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தேன். ஆராதனை பத்து நிமிடம் முன்னால் தொடங்கியது, முடிகிற நேரம் மாறவில்லை. கீர்த்தனையில் சரணங்களைக் குறைக்கும்படி பாடகர்களைக் கேட்டேன். மிச்சமான நேரத்தையும் பிரசங்கமே விழுங்கியது. பிறகு நேரிலேயே போய்ச் சொன்னேன். வெஸ்ட்ரியில் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"சாந்தப்பன், நீரு வாட்சப் பாக்கீரு. நான் ஆத்துமாவப் பாக்கேன்," என்றார்.

"ஐயா, அந்த ஆத்துமா குந்தியிருக்கிற பெஞ்சுல ஒம்போது மணிக்கு வேற ஆத்துமா குந்தணும்."

தொப்பை குலுங்கச் சிரித்தார். என் முதுகில் தட்டினார். அவர்மேல் கோபம் கொள்வது சுலபமான காரியம் இல்லை. அடுத்த ஞாயிறு இதையே பிரசங்கத்தில் கதையாகச் சொன்னார். ஆறு நிமிடம் ஆயிற்று. சபை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அந்த வாரத்திலிருந்து ஜீவனஹள்ளிப் பிள்ளைகள் என்னைத் தெருவில் கண்டால் "எட்டு நாப்பது, எட்டு நாப்பது" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதற்கும் நான் சொல்லப்போவதற்கும் சம்பந்தம் இல்லை.

அவருக்குச் சுருக்கமாகப் பேச வராது என்று சிலர் சொல்வார்கள். அது தப்பு. 1951-ல் என் மனைவி சரளா தவறியபோது அடக்க ஆராதனையை இருபத்திரண்டு நிமிடத்தில் முடித்தார். மழை தூறிக்கொண்டிருந்தது, அடுத்து ஒரு கல்யாணமும் இருந்தது. சரளாவைப் பற்றி நாலு வாக்கியம் சொன்னார். நான் குறை சொல்லவில்லை. மனது வைத்தால் அவரால் முடியும் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

கற்கண்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். அது தொண்டைக்கு என்று சபையார் நினைத்தார்கள். தொண்டைக்கு இல்லை என்பது மூன்று பேருக்குத் தெரியும்: டாக்டருக்கு, அவர் மனைவி ஐயரம்மாவுக்கு, எனக்கு. அவருக்குச் சர்க்கரை வியாதி. தினமும் காலை ஆறு மணிக்கு இன்சுலின் ஊசி. ஊசி போட்ட கையோடு சாப்பிட்டாக வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிரசங்கம் முடிகிறவரை சாப்பிட மாட்டேன் என்று ஒரு வைராக்கியம். உபவாசத்தோடு பேசினால்தான் வசனம் இறங்குமாம். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு கடைசியில் ஒரு வழி சொன்னார். தலை கிறுகிறுத்தால், கை நடுங்கினால், உடனே ஒரு கற்கண்டு வாயில் போட வேண்டும். போடாவிட்டால் மயக்கம். மயக்கத்திலும் சர்க்கரை உள்ளே போகாவிட்டால் அதற்கு மேல் டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை, கையை விரித்துக் காட்டினார். டப்பா என் பொறுப்பு என்பதால் என்னையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டுதான் காட்டினார்.

1957 ஜூன் மாதம் ஐயரம்மா மகள் பிரசவத்துக்காகக் கோலார் தங்கவயலுக்குப் போனார்கள். ஸ்டேஷனுக்கு நான்தான் பெட்டி தூக்கிக்கொண்டு போனேன்.

"அண்ணாச்சி, அவுகள உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். அந்த டப்பா மட்டும் காலியாவாமப் பாத்துக்கிடுங்க," என்றார்கள்.

சரி என்றேன். அந்த வாக்கை நான் மீறவில்லை. டப்பா ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை.

அடுத்து வந்த ஞாயிறு ஒரு தப்பு நடந்தது. அது உண்மையாகவே தப்பு. அதைத் தனியாகப் பதிவு செய்ய விரும்புகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் நம் தெரு முனிகிருஷ்ணன் கடையில் சவரம் செய்துகொண்டு, வீட்டில் சவரத்துக்குப் பின் தேய்த்துக்கொள்ள ஒரு துண்டு படிகாரம் வாங்கினேன். பக்கத்துக் கடையில் ஐயருக்குக் கற்கண்டு வாங்கினேன். இரண்டையும் காகிதத்தில் மடித்து ஒரே கோட்டுப் பையில் போட்டேன். படிகாரத்துக்கும் கற்கண்டுக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. காகிதம் பிரிந்து, படிகாரமும் டப்பாவுக்குள் போய்விட்டது.

ஐயர் இரண்டாவது குறிப்பை முடித்து அதைத்தான் எடுத்தார். முகம் எலுமிச்சம்பழம் கடித்த குழந்தை மாதிரி ஆயிற்று. கைக்குட்டையில் துப்பினார். கை நடுங்கியது. மூன்றாவது குறிப்பை நாலே வாக்கியத்தில் சுருட்டி, ஆசீர்வாதம் சொல்லி, வெஸ்ட்ரிக்கு வந்து நாற்காலியில் விழுந்தார். கோயில் கடிகாரம் எட்டு முப்பத்தொன்று. நான் காபியில் நாலு கரண்டி சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, எப்போதும் போலச் சிரித்தார்.

"கற்கண்டுல ஒண்ணு படிகாரமால்லா கெடந்தது. கடைக்காரன் ஏமாத்திப்புட்டான் வே. இன்னும் அஞ்சு நிமிசம் நின்னிருந்தேன்னு வையும், சாஞ்சிருப்பேன். கடைய மாத்தும்."

மாற்றினேன். மறு வாரம் முனிகிருஷ்ணனிடம் அரை ராத்தல் படிகாரம் கேட்டேன்.

"இன்னாணா, ஒரு கல்லு எட்டு மாசம் வரும். அரை ராத்தல் எத்துக்கினு போய் பேட்டைக்கே ஷேவ் பண்ணப் போறியா?"

"தண்ணி தெளிய வைக்க."

"இர்லி, இருக்கட்டும், எத்துக்கினு போ."

வீட்டில் உட்கார்ந்து அதைக் கற்கண்டு அளவுக்கு உடைத்தேன். ஓரங்களை ஈரத்துணியால் துடைத்து மழுக்கினேன். வேலையில் எனக்கு எப்போதும் ஒரு சுத்தம் உண்டு. ஒரு துண்டு போதாதா, முழு டப்பாவும் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஒன்று கசந்தால் அடுத்ததை எடுப்பாரே. எடுத்தால் மறுபடியும் "கடைசியாக".

ஜூலை மாதம், பதினாலாம் தேதி. மேகமூட்டம். சபையில் நூற்றிருபது பேர் இருக்கும். அன்றைய பாடம், நாற்பது நாள் பசித்திருந்த இயேசுவிடம் பிசாசு வந்து கல்லை அப்பமாக்கச் சொன்ன பகுதி. அதை நான் தேர்ந்தெடுக்கவில்லை, அட்டவணையில் இருந்தது. இதில் என் கை இல்லை என்பதை வலியுறுத்துகிறேன்.

எட்டு இருபதுக்கு இரண்டாவது குறிப்பு முடிந்தது. டப்பாவைத் திறந்து ஒன்று போட்டார். முகம் சுருங்கியது. கையில் எடுத்துப் பார்த்தார். "இது கல்லு," என்றார். சபை கவனித்தது, பாடமே கல்லைப் பற்றியதல்லவா. இன்னொன்று போட்டார். "இதுவும் கல்லு," என்றார். குரல் உடைந்தது. முன் பெஞ்சில் இரண்டு பெண்கள் அழுதார்கள். இவ்வளவு உருக்கமாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை. மூன்றாவதையும் எடுத்து உயர்த்திக் காட்டினார், என்னைப் பார்த்துக் காட்டினார் என்று நினைக்கிறேன், ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. பீடத்தின் மேல் இரண்டு கையையும் மடித்து, அதன்மேல் தலையைக் கவிழ்த்தார்.

பிரசங்கத்தை மௌன ஜெபத்தோடு முடிப்பது அவர் வழக்கம். தலையை அப்படித்தான் கவிழ்ப்பார். சபை மொத்தமும் முழங்காலிட்டது.

எட்டு இருபத்தாறு. நான் வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஆறு நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. நம் கோயிலில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. ஒரு குழந்தை இருமியது. நானே முன்னால் போய், ஐயர் ஜெபத்தில் இருக்கிறார், கலைக்க வேண்டாம் என்று மெதுவாகச் சொல்லி, கடைசிப் பாட்டை எடுத்துக் கொடுத்தேன். இரண்டே சரணம். எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து வெளியே போனார்கள். கடைசி ஆள் படியிறங்கியபோது எட்டு முப்பத்தொன்பது.

பிறகு பீடத்துக்கு ஏறினேன். கையைத் தொட்டுப் பார்த்தேன். வேர்த்திருந்தது, சூடு இருந்தது. மூச்சு வந்துகொண்டிருந்தது. என் இன்னொரு பையில் நல்ல கற்கண்டு இருந்தது. டப்பாவில் திரும்ப நிரப்புவதற்காகக் கொண்டுவந்திருந்தேன். ஒரு துண்டைத் தண்ணீரில் கரைத்து உதட்டில் தடவியிருக்கலாம். அதை யோசிக்காமல் இல்லை. ஆனால் எழுப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடர்வார் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது குறிப்பு முழுதாகப் பாக்கி இருந்தது.

படிகாரத்தை அள்ளிக்கொண்டு கற்கண்டை நிரப்பினேன். ஜன்னல்களைச் சாத்தினேன். கதவைப் பூட்டினேன். பகல் ஒரு மணிக்குப் பெருக்க வந்த சந்திரம்மா சாவி வாங்கிப்போய்த் திறந்து பார்த்துவிட்டுக் கத்தினாள்.

டாக்டர் டப்பாவைத் திறந்து, நாக்கில் வைத்துப் பார்த்தார். இனிப்பு. கையருகில் கற்கண்டு இருந்தும் எடுக்காமல் ஜெபத்தில் மூழ்கிவிட்டார் என்று எழுதினார். கோயில் சுவரில் அவர் ஞாபகமாகப் பதித்த பித்தளைத் தகட்டில் "பிரசங்கபீடத்திலேயே பிராணனை விட்டவர்" என்று பொறித்திருக்கிறீர்கள். அது பிழை. உயிர் போனது ஆஸ்பத்திரியில், மாலை நாலு பத்துக்கு. திருத்திவிடவும்.

ஐயரம்மா அடக்கத்துக்கு வந்தார்கள், மடியில் பேரப்பிள்ளையோடு. "டப்பா நெறஞ்சுதான இருந்தது அண்ணாச்சி?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். நிறைந்திருந்தது என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அது மட்டும் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

இப்போது எதற்கு இதை எழுதுகிறான் என்று கேட்பீர்கள். மனச்சாட்சி என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு ஜூலையும் அவருக்கு ஞாபகார்த்த ஆராதனை நடத்துகிறீர்கள். வெளியூர்ப் பிரசங்கியார்கள் வருகிறார்கள். "இதுவும் கல்லு" என்ற அவருடைய கடைசி வார்த்தைக்கு ஆளுக்கொரு வியாக்கியானம். ஒருவர் இருதயம் என்றார், ஒருவர் கல்லறை என்றார், போன வருஷம் வந்தவர் மூலைக்கல் என்று தொடங்கி ஒரு மணி பத்து நிமிடம் பேசினார். மொத்தம் மூன்று மணி ஐந்து நிமிடம். அது படிகாரம். வேறு அர்த்தம் ஒன்றும் இல்லை. இது தெரிந்தால் அந்த ஆராதனையையாவது நிறுத்துவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்துகொள்ளுங்கள்; சீக்கிரம் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒன்பது மணிக்காரர்களுக்காகத்தான் செய்தேன் என்று இந்தக் காகிதத்தை எழுத உட்கார்ந்தபோது நினைத்திருந்தேன். ஹெர்பர்ட் துரை வாசலில் காத்திருக்கிறார், நம் சபையின் மானம் போகிறது என்று. எழுதிக்கொண்டே வரும்போது என் பழைய நோட்டில் தேதியைச் சரிபார்த்தேன். ஹெர்பர்ட் துரையும் மௌரீனும் அந்த வருஷம் மார்ச் மாதமே கப்பலேறிச் சீமைக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த ஏழெட்டுப் பேர் வேறு கோயிலுக்குப் போனார்கள். மார்ச்சுக்குப் பிறகு நம் கோயிலில் ஒன்பது மணி ஆராதனையே கிடையாது. ஜூலை பதினாலாம் தேதி வாசலில் ஒருவரும் நிற்கவில்லை.

அன்று பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது ஐந்து. சாவியை ஆணியில் மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். மறுநாள் காலைச் சங்கு ஊதும்வரை எனக்கு வேறு வேலை ஒன்றும் இருக்கவில்லை.

இப்படிக்கு,
ஆ. சாந்தப்பன்
ஜீவனஹள்ளி, 1963